கனடாவின் ‘ரிசர்வ்’ நிலம்: யார் யாருக்குக் கொடுத்தது?

டொரோண்டோவிலோ வின்னிபெக்கிலோ பள்ளி விழா, நகரசபைக் கூட்டம் எது தொடங்கினாலும் முதலில் ஒருவர் எழுந்து, ‘நாம் கூடியிருக்கும் இந்த இடம் பூர்வகுடிகளோடு செய்த இன்ன உடன்படிக்கைக்கு உட்பட்ட நிலம்’ என்று வாசிக்கிறார். ஸ்கார்பரோவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இது மனப்பாடம். ஆனால் பெற்றோரிடம் கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “பழைய காலத்தில் வெள்ளைக்காரன் இவங்க நிலத்தை எடுத்துக்கிட்டான், பதிலுக்கு அரசாங்கம் ரிசர்வ்னு கொஞ்சம் நிலம் குடுத்திருக்கு.”

முதல் பாதியைப் பற்றி யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். தவறு இரண்டாம் பாதியில் இருக்கிறது. ‘குடுத்திருக்கு’ என்று தொடங்கிவிட்டால், அடுத்து ‘இன்னும் எவ்வளவுதான் குடுக்கிறது?’ என்ற கேள்வி தானாக வந்துவிடும். அந்த நிலம் எப்படி உருவானது, அதன் அளவை யார் எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று தெரிந்தால் அந்தக் கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும்.

ஒரு விற்பனைப் பத்திரம்

ஊரில் ஐந்து ஏக்கர் நிலத்தை ஒருவர் விற்கிறார். நிலத்தின் மூலையில் குலதெய்வக் கோயில், பக்கத்தில் ஒரு கிணறு. அந்தப் பத்து சென்ட்டை விற்க அவருக்கு மனமில்லை. பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதி, ‘கோயிலும் கிணறும் அடங்கிய பத்து சென்ட் நீங்கலாக’ என்று சேர்த்துவிடுகிறார்கள். ஐம்பது வருடம் கழித்து, வாங்கியவரின் பேரன் அந்தக் கோயிலைக் காட்டி, ‘எங்க தாத்தா இவங்களுக்கு விட்டுக் கொடுத்த இடம்’ என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அது அவர் கொடுத்ததல்ல. அவர் வாங்காதது.

கனடாவின் சில உடன்படிக்கைகள் ஏறக்குறைய இந்த மாதிரிதான். 1763இல் பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலத்தைத் தனியார் நேரடியாக வாங்கக் கூடாது. அவர்களைப் பொதுக்கூட்டமாகக் கூட்டி, முடியரசின் பெயரில் மட்டுமே வாங்கலாம் என்றது அது. முடியரசு என்றால் மன்னர் அல்லது அரசியின் பெயரில் இயங்கும் அரசு. இன்றைய கனடா அரசும் சட்டப்படி அதன் தொடர்ச்சியே. நிலம் பூர்வகுடிகளுடையது என்று ஒப்புக்கொண்டால்தான் இப்படி ஒரு விதியே தேவைப்படும்.

அந்த விதிப்படி 1850 செப்டம்பரில் ஹூரான், சுப்பீரியர் ஏரிகளின் வடகரை நிலத்துக்கு வில்லியம் ராபின்சன் என்ற அரசுப் பிரதிநிதி இரண்டு உடன்படிக்கைகள் செய்தார். நிலத்தை ஒப்படைக்கிறோம், ஆனால் இணைத்துள்ள அட்டவணையில் உள்ள இடங்கள் நீங்கலாக என்பதுதான் இரண்டுக்கும் சாரம். தலைவர்கள் எந்தெந்த இடங்களைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள் என்பதை அட்டவணை சொல்லும். தண்டர் பே நகரத்தை ஒட்டி இன்றும் இருக்கும் ஃபோர்ட் வில்லியம் ரிசர்வ் அப்படிப்பட்ட ஒன்று. யாரும் கொடுத்ததல்ல, கைவிட்டுப் போகாதது.

மேற்கே போனபோது மாறிய வாசகம்

எல்லா இடத்திலும் இதே கதை என்றால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். 1870இல், விலங்குத் தோல் வணிகம் செய்துவந்த ஹட்சன்ஸ் பே கம்பெனியிடமிருந்து ரூபர்ட்ஸ் லேண்ட் என்ற மாபெரும் பரப்பு மூன்று லட்சம் பவுனுக்குக் கனடாவின் கைக்கு வந்தது. இன்றைய மானிடோபா, சஸ்கச்சுவான், ஆல்பர்ட்டாவின் பெரும்பகுதி இதில் அடக்கம். கம்பெனியிடம் பேசி முடித்தாயிற்று; அங்கே வாழ்ந்த கிரீ, ஒஜிப்வே, பிளாக்ஃபுட் மக்களிடம் பேச வேண்டியிருந்தது. ரயில் பாதையும் குடியேற்றமும் காத்திருந்தன. 1871க்கும் 1921க்கும் இடையே பதினொரு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. ஒன்றாம் உடன்படிக்கை, இரண்டாம் உடன்படிக்கை என்று எண்ணாலேயே அழைக்கப்படுவதால் இவற்றுக்கு ‘எண்ணிட்ட உடன்படிக்கைகள்’ என்று பெயர்.

இவற்றின் ஆங்கில வாசகத்தில் வரிசை வேறு. முதலில், குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும் மொத்த நிலத்தையும் பூர்வகுடிகள் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கும். அதன்பிறகு, அவர்களுக்கென்று இவ்வளவு நிலத்தை ஒதுக்கித் தர அரசி சம்மதிப்பதாக ஒரு வாக்குறுதி வரும். நம் பத்திரத்தின் மொழியில் சொன்னால், ஐந்து ஏக்கரையும் முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டு, ‘கோயிலுக்கான இடத்தை வாங்கியவர் பிறகு அளந்து தருவார்’ என்று சேர்ப்பது போல. விற்கிறவர் பக்கத்து வக்கீல் யாரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். இந்தத் தலைவர்களுக்கு வக்கீலும் இல்லை. பத்திரம் அவர்கள் மொழியிலும் இல்லை.

கையெழுத்திட்டபோது அவர்கள் எதற்குச் சம்மதித்ததாக நினைத்தார்கள் என்பது தனிப் பிரச்சினை. மண்ணை ஏர் உழும் ஆழம்வரை மட்டுமே பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தோம் என்பது சமவெளிப் பெரியவர்களிடையே தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் நினைவு. ‘விட்டுக்கொடுத்தோம்’ என்ற பேச்சே அதில் கிடையாது. எனக்கு இந்த வாய்மொழி வரலாறு நம்பக்கூடியதாகவே படுகிறது. வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் பரந்த நிலம் தேவைப்பட்ட மக்கள், அதை மொத்தமாகக் கைவிட்டு ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்ள மனமுவந்து சம்மதித்தார்கள் என்பதைத்தான் நம்புவது கடினம்.

இதுவரை பார்த்தது: ரிசர்வ் என்பது உடன்படிக்கையின் பகுதியாகப் பூர்வகுடிக் குழு ஒன்றின் தனிப் பயன்பாட்டுக்கென்று குறிக்கப்பட்ட நிலம். ராபின்சன் வகையில் அது ஆரம்பத்திலேயே விலக்கி வைத்த நிலம். எண்ணிட்ட வகையில் அது நிலத்தை வாங்கியவர் பிறகு தரவேண்டிய கடன். கடன் என்றால் அளவு எவ்வளவு, யார் எண்ணினார்கள், கொடுத்து முடித்தார்களா என்ற கேள்விகள் வருமே, அவைதான் இன்றுவரை நீதிமன்றத்தில் இருக்கின்றன.

ஐந்து பேருக்கு எவ்வளவு?

1871 ஆகஸ்ட் 3 அன்று மானிடோபாவின் லோயர் ஃபோர்ட் கேரி கோட்டையில் முதல் உடன்படிக்கை. அதற்கு முந்தைய நாட்களில் நடந்த பேச்சில், தலைவர்கள் தங்களுக்கு வேண்டுமென்று காட்டிய நிலம் மாகாணத்தில் குடியேற்றம் நடந்திருந்த பகுதியில் பெரும்பங்கை விழுங்கிவிடும் அளவு இருந்தது என்று அரசின் ஆணையர் வெமிஸ் சிம்ப்சன் தம் அறிக்கையில் எழுதினார். ரிசர்வ் என்றால் என்னவென்று அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதாக அரசுத் தரப்புக்கு வருத்தம். நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் குடியேறிகள் வந்து நிரம்பத்தான் போகிறார்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். பேச்சுவார்த்தை என்று இதைச் சொல்லலாமா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

கடைசியில் வந்த சூத்திரம்: ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 160 ஏக்கர். குடும்பம் பெரிதோ சிறிதோ, அதே விகிதம். அதாவது தலைக்கு 32 ஏக்கர். இரண்டாம் உடன்படிக்கையிலும் இதே அளவு. 1873இல் மூன்றாம் உடன்படிக்கைக்கு வரும்போது பேரம் கடுமையாகி, ஐந்து பேருக்கு ஒரு சதுர மைல் வரை என்று உயர்ந்தது. ஒரு சதுர மைல் 640 ஏக்கர், தலைக்கு 128. நான்கு, ஆறு, ஏழாம் உடன்படிக்கைகளும் அதையே பின்பற்றின. ஐந்தாம் உடன்படிக்கை மட்டும் திரும்பவும் 160க்கு இறங்கியது. ஒரே அரசு, ஒரே பத்தாண்டு, நான்கு மடங்கு வித்தியாசம்.

அளவு தாராளமா என்று பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். 1872இல் வந்த டொமினியன் நிலச் சட்டப்படி, கப்பலில் வந்து இறங்கிய குடியேறி 10 டாலர் கட்டணம் செலுத்தி 160 ஏக்கருக்கு விண்ணப்பிக்கலாம். குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து பயிர் செய்தால் நிலம் அவர் பெயருக்கு வந்துவிடும். ஒன்றாம் உடன்படிக்கையில் ஒரு குடும்பத்தின் பங்கும் அதே 160 ஏக்கர்தான். அதுவும் அவர்கள் பெயரில் அல்ல. ஹட்சன்ஸ் பே கம்பெனியோ, மூன்று லட்சம் பவுனோடு, வளமான நிலப்பட்டையில் இருபதில் ஒரு பங்கையும் தனக்கு வைத்துக்கொண்டது. மொத்தம் சுமார் 70 லட்சம் ஏக்கர். அதை யாரும் ‘அரசு கம்பெனிக்குக் கொடுத்த சலுகை நிலம்’ என்று பேசுவதில்லை.

1876இல் ஃபோர்ட் கார்ல்டனில் ஆறாம் உடன்படிக்கைக்காகக் கூடியபோது, இந்தச் சதுர மைல் கணக்கை அரசுப் பிரதிநிதி அலெக்சாண்டர் மோரிஸ் விளக்கினார். கிரீ மக்களில் இளம் தலைவரான பவுண்ட்மேக்கர் எழுந்து மறித்தார். உலர்ந்த காட்டெருமை இறைச்சியை இடித்துக் கொழுப்பில் பிசைந்து செய்யும் பெமிக்கன் அந்த மக்களின் பயண உணவு. இது எங்கள் நிலம். வெட்டித் துண்டு துண்டாக எங்களுக்கே திருப்பித் தருவதற்கு இதென்ன பெமிக்கனா என்ற பொருளில் அவர் பேசியதாக, அன்று மொழிபெயர்த்த பீட்டர் எராஸ்மஸ் பதிவு செய்திருக்கிறார்.

காகிதத்திலிருந்து தரைக்கு

எண்ணிட்ட உடன்படிக்கைகள் பலவற்றில் ரிசர்வுக்கென்று ஒரு எல்லைக்கோடுகூட இருக்காது. பெரும்பாலும் சூத்திரம் மட்டும். ‘தலைக்கு 128 ஏக்கர்’ என்பது நிலமாக மாற மூன்று வேலை நடக்க வேண்டும். குழுவோடு கலந்துபேசி இடம் தேர்ந்தெடுப்பது, ஆட்களை எண்ணுவது, சர்வேயர் போய் அளந்து கல் நடுவது.

சிக்கல் நடுவில் இருக்கிறது. ஆட்களை எண்ண அரசு பயன்படுத்தியது ஆண்டுப்படிப் பட்டியலை. ஆண்டுப்படி என்பது உடன்படிக்கைப்படி ஒவ்வொருவருக்கும் வருடாவருடம் கொடுக்கும் பணம். பெரும்பாலும் தலைக்கு 5 டாலர். (இன்றும் அதே 5 டாலர். 1870களின் 5 டாலருக்கும் இன்றைய 5 டாலருக்கும் உள்ள தூரத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) பணம் வாங்க வந்தவர் பட்டியலில் இருப்பார். காட்டெருமை தேடித் தெற்கே போனவர், குளிர்காலப் பொறி வைக்கக் காட்டுக்குள் இருந்தவர், அடுத்த வருடம்தான் உடன்படிக்கையில் சேர்ந்த குடும்பம் எல்லாம் விடுபட்டுப்போகும். காட்டெருமைகள் வேகமாக அழிந்துகொண்டிருந்த காலம் அது. பஞ்சத்தில் மக்கள் எங்கெங்கோ சிதறியிருந்தார்கள். எண்ணிக்கையில் ஒருவர் விடுபட்டால் நிலத்தில் 128 ஏக்கர் குறையும்.

சில குழுக்கள் மொத்தமாகவே விடுபட்டன. 1899இல் எட்டாம் உடன்படிக்கைக்காக வடக்கு ஆல்பர்ட்டாவில் ஆறுகளின் வழியே போன ஆணையர்கள், உள்ளே தள்ளியிருந்த லுபிகான் ஏரி மக்களைச் சந்திக்கவே இல்லை. அவர்களுக்கு நிலம் குறித்த தீர்வு 2018இல்தான் வந்தது.

எண்ணிக்கைச் சண்டை எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஆல்பர்ட்டாவின் தெற்கில் வாழும் கைனாய் மக்களின் வழக்கு நல்ல உதாரணம். பிளாக்ஃபுட் கூட்டமைப்பைச் சேர்ந்த இவர்கள் 1877இல் ஏழாம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள். 1880களின் தொடக்கத்தில் அளந்து முடித்த அவர்கள் ரிசர்வ் 547.5 சதுர மைல். கனடாவிலேயே மிகப் பெரியது இதுதான், அப்புறம் என்ன குறை என்று தோன்றும். அப்போதைய மக்கள்தொகையைச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் வரவேண்டியது 710 சதுர மைல் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2019இல் கண்டது. குறைவு 162.5 சதுர மைல், ஏக்கரில் 1,04,000.

அவர்கள் வழக்குப் போட்டது 1980இல். ‘ஏன் இவ்வளவு தாமதம்?’ என்று கேட்கத் தோன்றும். 1927முதல் 1951வரை, இத்தகைய உரிமைகோரலுக்காக அனுமதியின்றிப் பணம் திரட்டுவதையோ வக்கீல் வைப்பதையோ சட்டமே தடுத்திருந்தது. அதன்பிறகும் ஆவணங்களைத் தேடி எடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் 12 அன்று கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம் குறைந்தது உண்மை, முடியரசு நேர்மையற்று உடன்படிக்கையை மீறியது என்று அறிவித்தது. ஆனால் வழக்குத் தொடுக்கும் கால வரம்பு கடந்துவிட்டது, ஆகவே இழப்பீட்டுக்கு உத்தரவிட முடியாது. பாக்கி உண்டு, வசூலிக்க வழியில்லை. இனி அந்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அரசிடம் பேசத்தான் வேண்டும்.

பாக்கியைக் கணக்குப் போடும் விதம்

இப்படிக் குறைந்துபோனதற்கு ‘உடன்படிக்கை நில பாக்கி’ என்று சொல்லிக்கொள்வோம். 1930இல் சமவெளி மாகாணங்களுக்கு (மானிடோபா, சஸ்கச்சுவான், ஆல்பர்ட்டா) பொதுநிலத்தின் கட்டுப்பாட்டைக் கூட்டாட்சி அரசு மாற்றிக் கொடுத்தபோது, இந்தப் பாக்கியைத் தீர்க்கத் தேவையான நிலத்தை மாகாணங்கள் விட்டுத்தர வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டது. நிபந்தனை காகிதத்தில் நெடுநாள் தூங்கியது. சஸ்கச்சுவானில் 1992இலும் மானிடோபாவில் 1997இலும் பொது ஒப்பந்தங்கள் வந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது.

சஸ்கச்சுவானின் கணக்கு முறையைக் கற்பனை எண்களோடு பார்ப்போம். அன்று ஒரு குழுவில் 100 பேர். வரவேண்டியது 12,800 ஏக்கர். 80 பேரைத்தான் எண்ணினார்கள், கிடைத்தது 10,240. குறைவு 2,560 ஏக்கர், அதாவது 20 சதவீதம். இன்று அந்த 2,560 ஏக்கரைக் கொடுத்தால் போதுமா? நூறு வருடத்துக்கு மேல் நிலம் இல்லாமல் இருந்ததற்கு என்ன பதில்? ஆகவே குறைந்த சதவீதத்தை இன்றைய மக்கள்தொகையோடு பெருக்கினார்கள். இன்று 1,000 பேர் என்றால், 1,000 × 128 × 20% = 25,600 ஏக்கர். இந்த அளவை அடிப்படையாக வைத்துப் பணம் தரப்படும்; அந்தப் பணத்தில், விற்க முன்வருகிறவரிடமிருந்து குழுவே சந்தை விலைக்கு நிலம் வாங்கிக்கொள்ள வேண்டும். யாருடைய பண்ணையையும் பிடுங்கவில்லை. சஸ்கச்சுவான் ஒப்பந்தத்துக்கு ஒதுக்கிய தொகை சுமார் 44 கோடி டாலர். செய்தித்தாளில் இந்தத் தொகையைப் பார்த்து மானியம் என்று நினைப்பவர்கள் உண்டு. நூறு வருடத்துக்கு முந்திய கடனின் தவணை அது.

பட்டா யார் பேரில்?

ரிசர்வ் நிலம் அங்கே வசிப்பவரின் சொந்தச் சொத்து அல்ல. பூர்வகுடிகளை ‘இந்தியர்’ என்று அழைத்த கனடாவின் 1876இன் இந்தியன் சட்டப்படி, உரிமைப்பத்திரம் முடியரசின் பெயரில். குழுவின் பயனுக்காக முடியரசு அதை வைத்திருக்கிறது. குடியிருப்பவருக்கு அனுபவ உரிமைச் சான்று கிடைக்கலாம். வெளியாருக்கு விற்க முடியாது, சாதாரண வங்கி அதை அடமானமாக ஏற்காது. கடன் கொடுத்தவர் பிடுங்க முடியாது என்பது பாதுகாப்பு. வீடு கட்டக் கடன் எளிதில் கிடைக்காது என்பது அதே பாதுகாப்பின் விலை.

அந்தக் காலத்தில் ரிசர்வ் நிலத்தை வெளியாருக்கு விற்க வழி ‘ஒப்படைப்பு’ மட்டும்: குழுவின் வயது வந்த ஆண்கள் கூடி, பெரும்பான்மை வாக்கால் நிலத்தை முடியரசிடம் விடுவது. வின்னிபெக்குக்கு வடக்கே, ரெட் ஆற்றின் கரையில் செல்கிர்க் நகரத்தை ஒட்டியிருந்த செயின்ட் பீட்டர்ஸ் ரிசர்வ் இதற்குக் கசப்பான உதாரணம். நல்ல கரிசல் மண், நகரம் பக்கத்தில். வெளியார் கண் அதன்மேல் இருந்தது. 1907இல் அவசரமாகக் கூட்டம். அரசு அதிகாரி ரொக்கத்தோடு வந்திருந்தார். ஆதரவாக 107 வாக்கு, எதிராக 98. மக்கள் வடக்கே, ஃபிஷர் ஆற்றுப் பக்கம் போனார்கள்; இன்று பெகுயிஸ் என்று பெயர் பெற்ற அந்தப் புதிய ரிசர்வ் வெள்ளத்தில் மூழ்கியதாக அடிக்கடி செய்தி வரும். அந்த ஒப்படைப்பு செல்லாது என்று பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அரசே ஒப்புக்கொண்டு, சுமார் 12.6 கோடி டாலர் இழப்பீட்டுக்குச் சம்மதித்தது.

சுருக்கமாக, நிலம் இரண்டு வகையில் குறைந்தது. கொடுக்கும்போதே குறைவாக எண்ணியது ஒன்று. கொடுத்ததைப் பிறகு வாங்கிக்கொண்டது இன்னொன்று. வழக்குகளைப் பற்றிப் படிக்கும்போது எது என்று முதலில் பார்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்னும் இரண்டு விஷயம், வேகமாக. ரிசர்வுக்கு வெளியே இவர்களுக்கு உரிமையே இல்லை என்பதும் தவறு. மூன்றாம் உடன்படிக்கையிலிருந்து, விட்டுக்கொடுத்த நிலத்திலும் குடியேற்றத்துக்கோ வேறு தேவைக்கோ எடுத்துக்கொள்ளப்படாத பகுதியில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. அடுத்து, ரிசர்வ் இருந்தால் உடன்படிக்கையும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதியில் உடன்படிக்கையே கிடையாது. அங்கே குடும்பத்துக்கு 10 ஏக்கர் போதும் என்று காலனி அதிகாரி ஜோசப் ட்ரட்ச் முடிவு செய்தார்.

நகரத்துக்குள் ரிசர்வ்

நில பாக்கிக்கு ஈடாக வரும் இடம் காட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1988இல் மஸ்கெக் லேக் கிரீ மக்கள் சஸ்கட்டூன் நகரத்துக்குள்ளேயே சுமார் 33 ஏக்கரை ரிசர்வாக்கினார்கள். இன்று அங்கே அலுவலகங்கள், கடைகள்.

வின்னிபெக்கில் இன்னும் பெரிய கதை. 2004இல் காலியான கேப்யாங் ராணுவ முகாமை அரசு தன் நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப் பார்த்தது. உபரி அரசு நிலம் என்றால், நில பாக்கி வரவேண்டிய எங்களிடம் முதலில் பேச வேண்டாமா என்று ஒன்றாம் உடன்படிக்கைக் குழுக்கள் நீதிமன்றம் போயின. மேல்முறையீடுவரை போய் வென்றன. 2022 டிசம்பரில் அந்த இடத்தின் பெரும்பகுதி, நாவி-ஊடேனா என்ற பெயரில், ஏழு குழுக்களின் கூட்டு ரிசர்வ் ஆனது. 1871இல் கையெழுத்திட்டவர்களின் வாரிசுகள் அவர்கள்.

‘அப்படியானால் நகரத்துக்கு வரி போய்விடுமே’ என்று அக்கம்பக்கத்தார் கேட்பது வழக்கம். இத்தகைய நகர ரிசர்வுகள் வழக்கமாக நகராட்சியோடு சேவை ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன: தண்ணீர், சாக்கடை, தீயணைப்பு, சாலைக்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு கட்டணம். அந்த ரசீதில் ‘சொத்து வரி’ என்று எழுதியிருக்காது, அவ்வளவுதான்.